அருள்பிரகாசத்தின் மூன்றாவது குமிழ்

"விசில் சத்தத்தைக் கேட்ட பிறகும் திமிரினால் வேலையை நிறுத்தாதவர்."

இங்கிலீஷில் டைப் அடித்து அருள்பிரகாசத்தின் கையில் பட்டறையில் கொடுத்திருந்தார்கள். தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும். 1978, ஆடி மாதம். அவனுக்கு இங்கிலீஷ் வராது. கப்பல்காரர்களோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் வரும் என்பதால் என்னிடம் கொண்டுவந்தான். படித்துச் சொன்ன எனக்கு வாய் கசந்தது. திமிராம். யாருக்கு? தெருவில் எந்த வீட்டு ரேடியோ நின்று போனாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சரிபண்ணுகிற ஆளுக்கு.

என் பெயர் தாவூது. வீடு தண்டையார்பேட்டை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களை என் அம்பாசடர் டாக்ஸியில் ஏற்றி இறக்குவது பிழைப்பு. அருள்பிரகாசம் என் வயசுக்காரன், ராயபுரம் பனைமரத்தொட்டியில் ஓட்டு வீடு. மனைவி ஆலிஸ், இரண்டு பெண்கள். அவனைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதியவர்களும் திமிர் என்று எழுதிவிட்டார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பதினேழு வயதில் அவன் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் துருத் தட்டும் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலின் வயிற்றுக்குள் இறங்க வேண்டும். மேலே இரும்பு, கீழே இரும்பு, நாலு பக்கமும் இரும்பு. முப்பது பேர் ஆளுக்கொரு சுத்தியலோடு நாள் பூராவும் தட்டுவார்கள். ஒருமுறை ஒரு மாலுமியின் பெட்டியைக் கொடுக்க நான் உள்ளே இறங்கி, பத்து நிமிஷம் நின்றேன். அன்று அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் என் காதுக்குள் வண்டு பறந்தது. அவன் இருபத்திரண்டு வருஷம் இருந்தான். காதுக்கு என்று எவனும் ஒன்றும் கொடுக்கவில்லை. எண்ணெய் துடைக்கிற கழிவுப் பஞ்சைச் சிலர் காதில் திணித்துக்கொள்வார்கள். திணிக்காதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

உள்ளே பேச்சு எடுபடாது. அதனால் கைதான் பாஷை. முஷ்டியை மடக்கினால் நிறுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. வருஷக்கணக்காகக் கையாலேயே பேசிக்கொள்கிறவர்களில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று யார் கண்டது? வீட்டுக்கு வந்தால் கத்துவார்கள். ஊரே எங்களைக் கேலி செய்கிறது. சினிமாவில் ராயபுரத்துக்காரன் வந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், கொட்டகை சிரிக்க வேண்டும். ஏன் கத்துகிறான் என்று ஒருத்தனாவது கேட்டானா?

கேட்க வேண்டியவர் ஒருவர் இருந்தார், பட்டறை டாக்டர். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வரிசையில் நிறுத்துவார். முதுகுப் பக்கம் போய் நின்று, "பேரு என்ன?" என்பார். இவர்கள் பெயரைச் சொல்வார்கள். "செவி நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம், அதே கேள்வி. முதுகுக்குப் பின்னால் மூச்சுக் காற்றுப் பட்டாலே பெயரைச் சொல்லலாம். இதற்குப் படிப்பு, ஸ்டெதாஸ்கோப், சம்பளம்.

அருள்பிரகாசத்துக்குத் தன் காதைப் பற்றி அவ்வளவு பெருமை. சாயங்காலம் வீட்டு வாசலில் பலகை போட்டு ரேடியோ ரிப்பேர் செய்வான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடல் குழுவில் பாடுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுருதி சேரவில்லை என்று சொல்லிக் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். "ஆர்மோனியம் வாசிக்கிறவனுக்கு காது அவுட்டு, என்னிய சொல்றானுங்க" என்று என்னிடம் வந்து குமுறினான். நானும் ஆமாம் போட்டேன்.

எழுபத்தேழில் ஒரு கப்பல் சமையல்காரரிடம் காரில் வைக்கிற கேசட் டேப் ஒன்றை வாங்கி வண்டியில் பொருத்தினேன். பேர்தான் ஸ்டீரியோ. பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர். பானைக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. அம்பாசடர் என்ஜின் உறுமுகிற உறுமலில் பாதிப் பாட்டு காணாமல் போனது. அருள்பிரகாசம் உட்கார்ந்து கேட்டான்.

"டேப்பு மேல தப்பு இல்ல பாய். டேப்புலேந்து வர்ற சத்தம் நேரா ஸ்பீக்கருக்கு போவுது பாரு, அதான் பேஜாரு. நடுவுல ஒரு பொட்டி வெக்கணும். எந்த சத்தம் கம்மியா கீதோ அத்த மட்டும் தூக்கி உடணும்."

ஒன்றரை மாதம் ஆனது. பிஸ்கட் டின் தகட்டை வெட்டிப் பெட்டி செய்தான். உள்ளே டிரான்சிஸ்டர், முன்னால் மூன்று குமிழ். சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷால் தமிழில் எழுதினான்: முதல் குமிழுக்கு "டமாரம்", இரண்டாவதுக்கு "குரல்", மூன்றாவதுக்கு "கீச்சு". வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் இதற்கு ஈக்வலைஸர் என்று பெயர் வைத்திருக்கிறான் என்று ஒரு மாலுமி சொன்னார். நான் அருள்பெட்டி என்றே சொன்னேன்.

மாட்டின அன்று அவனே முன் சீட்டில் உட்கார்ந்து சரிபண்ணினான். டமாரத்தை நடுவில் வைத்தான், பானைச் சத்தம் போனது. குரலைக் கொஞ்சம் ஏற்றினான், பாடுகிறவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சொக்கிப் போனேன். பிறகு கீச்சைத் தொட்டான். ஏற்றினான், இன்னும் ஏற்றினான், கடைசி வரைக்கும் ஏற்றினான். என் பல் கூசியது. பாட்டில் வருகிற ஒவ்வொரு "ச"வும் ஊசியாகக் குத்தியது. அவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"எப்டி கீது பாய்?"

"சூப்பரு அருளு" என்றேன்.

வேறென்ன சொல்வது? ஒன்றரை மாதம் கண் எரியப் பற்றவைத்து, ஒரு பைசா வாங்காமல் தோஸ்துக்குச் செய்து கொடுத்தவன். எங்கள் பக்கம் அப்படிச் செய்த பொருளில் குற்றம் சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் செய்தவன் முகத்தில் அறைந்த மாதிரி. கோபித்துக்கொண்டு பெட்டியைக் கழற்றிக்கொண்டே போய்விடுவான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் வைத்த இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு ஒன்று, எனக்குச் சரியாகக் கேட்கிற இடத்தில், நடுவில், இன்னொரு கோடு. சவாரியில் குமிழ் என் கோட்டில் இருக்கும். பனைமரத்தொட்டிக்குத் திரும்பும் முன் அவன் கோட்டுக்கு ஏற்றிவிடுவேன். ஒரு வருஷம் இப்படி ஓடியது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. கப்பலின் வெளிப்பக்கம் கயிற்றில் கட்டிய பலகை தொங்கும், அதில் உட்கார்ந்து துருத் தட்டுவார்கள். பலகையில் சுயம்பு இருந்தான், பதினொரு வருஷம் இவனோடு வேலை செய்தவன். மேல்தளத்தில் நின்று அருள்பிரகாசம் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்து கீழே தெரியாது, கைச்சாடையும் பார்க்க முடியாது. கரையில் நிற்கிற போர்மேன் கிருஷ்ணப்பனின் விசில்தான் கணக்கு. விசில் கேட்டால் நிறுத்த வேண்டும். கிருஷ்ணப்பன் ஊதினார். இவன் நிறுத்தவில்லை. பலகையின் விளிம்புக்கும் கப்பலில் துருத்திக்கொண்டிருந்த இரும்புக்கும் நடுவே சுயம்புவின் வலது கை மாட்டிக்கொண்டது. சுயம்பு அலறின பிறகுதான் இவன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். இரண்டு விரல் போய்விட்டது.

"விசிலு ஊதவே இல்ல பாய். மாதா மேல ஆணையா ஊதல" என்றான் அருள்பிரகாசம்.

ஊதினார் என்று கிருஷ்ணப்பன் சொன்னார். ஊதியது கேட்டது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு சுயம்புவும் சொன்னான். குடித்திருப்பான் என்றார்கள், சுயம்புவோடு ஏதோ தகராறு என்றார்கள். இவனோ குடியைத் தொடாதவன், சுயம்புவின் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத் தகப்பன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்து அந்தத் திமிர்க் காகிதத்தைக் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். கூட வேலை செய்தவனின் கையை வேண்டுமென்றே நசுக்கியவன் என்ற பெயரோடு போனால், திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தப் பட்டறை வாசலிலும் அவனை நிற்க விடமாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் ஆலிஸ் வந்தாள். "பாய், அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. சுயம்புவ நேருக்கு நேரா பாத்து பேசட்டும். ஊட்ல உக்காந்துகினு செவுத்த பாத்துக்கினு கீறாரு" என்றாள். வண்டியை எடுத்தேன். அவசரத்தில் குமிழை ஏற்ற மறந்துவிட்டேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. தனிப் புல்லாங்குழலில் தொடங்கி, பிறகு தபேலா சேர்கிற பாட்டு.

ஏறி உட்கார்ந்தான். பிறகு பெட்டியைத் தட்டினான். "இன்னா பாய், பொட்டி கெட்டுப் போச்சா? டேப்பு சும்மா சுத்திக்கினு கீது."

புல்லாங்குழல் வண்டி முழுக்க வாசித்துக்கொண்டிருந்தது.

"பாட்டு வந்துகினு கீதே அருளு."

"எங்க வருது?" என்றான். அப்போது தபேலா சேர்ந்தது. "ம், இப்பதான் ஆரம்பிக்குது."

கல்மண்டபம் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். "இன்னா கேக்குது?" என்றேன். "ஒண்ணும் கேக்கல" என்றான். மூன்றாவது குமிழைத் தொட்டு மெதுவாக அவன் கோடு வரைக்கும் ஏற்றினேன். என் காது கிழிந்தது. அவன் முகம் மாறியது.

"புல்லாங்குழலு" என்றான்.

"மொதல்லேந்து கீது அருளு. உனக்குத்தான் கேக்கல."

கோபம் வந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கினான். "எனக்கா காது கேக்கல? பனைமரத்தொட்டில கீற ரேடியோ பூரா எவன் காதால ரிப்பேர் ஆச்சு? நீ பேசறது கேக்கல? பஸ்ஸு போறது கேக்கல? டாக்டரே நல்லா கீதுன்னு எழுதி குடுத்துகீறாரு." பத்தடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து, திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாய், விசிலும் அந்த மாதிரிதானே, கீச்சு."

நான் டேப்பை நிறுத்தினேன்.

"அப்ப விசிலு ஊதிகீது. சுயம்பு பொய் சொல்லல. நான்தான் அவன் கைய..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் நடுரோட்டில் நின்று அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சுயம்பு விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கும் அந்த விசிலு எங்கியோ தூரத்துல ஊதின மாதிரிதான் கேட்டுச்சுண்ணே" என்றான். அதோடு அவர்களுக்குள் இருந்தது தீர்ந்தது. வெளியில் தீரவில்லை. செவிடன் என்று சொன்னால் அதற்காகவே வெளியே அனுப்புவார்கள் என்று அருள்பிரகாசம் பயந்தான். ஆலிஸ் ஒரே வார்த்தையில் முடித்தாள். "காது கேக்கலன்னு போனா தலை நிமிந்து போலாம். திமிருன்னு எழுதி வாங்கிக்கினு எம் பொண்ணுங்க மூஞ்சில எப்டி முழிப்ப?"

வெள்ளிக்கிழமை பட்டறை அலுவலகத்தில் விசாரணை, நானும் ஆலிஸும் கூடப் போனோம். அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், வெள்ளைச் சட்டை, டையெல்லாம் கட்டியிருந்தார். அருள்பிரகாசம் தன் காதைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார். டாக்டர் எழுதிய இருபத்திரண்டு காகிதத்தை மேஜையில் பரப்பினார். "ஒவ்வொரு வருஷமும் செவி நன்று. இந்த வருஷமும் நன்று. ஆடியில திடீர்னு செவிடா?"

"வாசல்ல வண்டி நிக்குது சார், வந்து பாருங்க" என்றேன். வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அருள்பிரகாசம் குமிழைத் திருகிக் காட்டினான். அதிகாரி முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரித்தார். "குமிழை எவன் வேணும்னாலும் கடைசி வரைக்கும் திருகலாம். நல்லா நடிக்கிறான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஆலிஸ் முந்திக்கொண்டாள். "நடிப்புன்னா போர்மேன் அய்யாவ திருகச் சொல்லுங்க சார். அவரு எங்களுக்காக நடிக்கமாட்டாரே."

கிருஷ்ணப்பன் பெருமையாக முன்னால் வந்தார். போர்மேன் ஆகும் முன் அவரும் பதினெட்டு வருஷம் துருத் தட்டியவர்தான். ஆலிஸுக்கு அது தெரியும். குமிழை நான் அடி வரைக்கும் இறக்கி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடினேன். புல்லாங்குழல் பாட்டைப் போட்டேன். "பாட்டு சரியா கேக்கற எடத்துல நிறுத்துங்க" என்றேன்.

"இதுல இன்னா கீது" என்று கைக்குட்டைக்குள் கையை விட்டுத் திருகினார். அதிகாரியும் நானும் சரி என்று தலையாட்டுகிற இடம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அதைத் தாண்டினார். அதிகாரி ஒரு காதைப் பொத்தினார். இன்னும் திருகினார். இரண்டு காதையும் பொத்தினார். குமிழ் கடைசியில் முட்டி நின்றது. கிருஷ்ணப்பன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப சரியா கீது சார்" என்றார். பிறகு அதிகாரியின் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தார்.

கிருஷ்ணப்பன் கைக்குட்டையை எடுத்துக் குமிழைக் குனிந்து பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசில் பெட்டியில் இடித்தது. தான் ஊதுகிற விசிலையே சரியாகக் கேட்க முடியாத மனுஷனை, இவன் காதில் விழுந்தது என்று சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

இதற்குப் பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? முப்பது பேரையும் உட்கார வைத்து ஒழுங்காகக் காதைச் சோதித்திருக்க வேண்டும். செய்தார்களா? காகிதத்தில் "திமிர்" என்ற வார்த்தையை அடித்துவிட்டு "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். காதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. எழுதினால் அத்தனை பேர் காதுக்கும் பதில் சொல்ல வேண்டுமே. அருள்பிரகாசத்தைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். விசிலோடு ஒரு சிவப்புக் கொடியும் வாங்கினார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க மேல்தளத்தில் ஒரு ஆள். இருபத்திரண்டு வருஷச் சுத்தியலுக்கு ஒரு முழம் சிவப்புத் துணி. டாக்டர் இப்போதும் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைத்தான் கேட்கிறாராம்.

வேலை தப்பியது என்று ஆலிஸ் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருள்பிரகாசம் என் வண்டியில் முன் சீட்டில் ஏறினான். சுயம்பு வீட்டுக்குப் போகிறோம். டேப்பைப் போட்டேன். அவன் மூன்றாவது குமிழுக்குக் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான். தகட்டின் மேல் குனிந்தான்.

"இந்தக் கோடு இன்னாத்துக்கு பாய்? ரெண்டு கீது."

பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மேல் கோடு அவனுடையது, நடுக்கோடு என்னுடையது, ஒரு வருஷமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், அவன் மனசு நோகக்கூடாது என்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கத்தவும் இல்லை. அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"மொத நாளே காது வலிக்குதுடான்னு சொல்லிருந்தா நான் கோச்சிக்கினு போயிருப்பேன். நாலு நாளு உங்கிட்ட பேசிருக்க மாட்டேன். அவ்ளோதான் பாய். சுயம்புவுக்கு அந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும்."

டாக்டர் மேல், அதிகாரி மேல், பட்டறை மேல், சினிமாக்காரன் மேல் இவ்வளவு கோபப்பட்டு எழுதுகிற நானும் ஒரு வருஷமாக அந்த டாக்டரைப் போலத்தான் "சூப்பரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் குமிழைப் பிடித்து, கடைசியிலிருந்து மெதுவாக இறக்கி, என் கோட்டில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"வண்டிய எடு" என்றான். "தபேலா கேக்குது. எனக்கு அது போதும்."